அடையாளம் தெரியாத வாகனமும் அரை லட்ச ரூபாயும்

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தால் அடிபட்ட பாதசாரிக்கு, வண்டி எண் தெரிந்த விபத்தில் அடிபட்டவருக்குக் குறையாத இழப்பீடு கிடைக்க வேண்டும். அதற்காக அவரை அலையவிடக் கூடாது. பாதசாரிகளின் நலனுக்காக இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். இதற்கு வண்டி எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் 161ஆவது பிரிவுதான் கதி. அதன்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பிருந்த 25,000, 12,500 ஆகியவற்றுக்கு இது மேல்தான். ஆனாலும் இந்த ஏற்றத்தாழ்வுக்கு நியாயமில்லை. விடிகாலையில் பூக்கூடையுடன் நெடுஞ்சாலையைக் கடக்கும் பெண்ணுக்குத் தொடையெலும்பு முறிகிறது. மோதியவர் நின்றாலும் ஓடினாலும் தகடு வைக்கும் செலவும், மாதக்கணக்கில் போகும் வருமானமும் ஒன்றுதான். ஓட்டுநர் ஓடிப்போனதற்கு அவர் ஏன் 2 லட்சத்தை இழக்க வேண்டும்?

இந்தச் சிறு தொகையும் பலருக்குப் போய்ச் சேர்வதில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நாட்டில் இத்தகைய விபத்துகள் 67,387. உயிரிழந்தோர் 30,486 பேர். 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்களோ 205. தீர்வு கண்டவை 95. வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் ஒரு மாதத்தில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஆட்சியர் 15 நாளில் ஆணையிட வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். காகிதத்தில் இரண்டே மாத வேலை. அப்படியொரு மனு உண்டு என்பதைக் காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ யாரும் சொல்லாததுதான் சிக்கல்.

கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டியது. ஒரு மாதத்துக்குள் வாகனம் பிடிபடாவிட்டால், இழப்பீடு கோரலாம் என்பதைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொகையை உயர்த்துவது பற்றி ஆராயும்படி மத்திய அரசையும் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

எங்கள் கோரிக்கைகள்:

1. 161ஆவது பிரிவின் தொகைகளை 164ஆவது பிரிவுக்கு இணையாக்கி, விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும்.

2. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, வங்கி விவரம் ஆகியவற்றைக் காவல்துறையே வருவாய்த் துறைக்கு அனுப்பி, அதையே மனுவாக ஏற்க வேண்டும்.

3. ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவான வழக்குகள், வந்த மனுக்கள், வழங்கிய தொகை ஆகியவற்றை ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும்.

தொகையை உயர்த்தினால் பொய் மனுக்கள் பெருகும் என்பார்கள். காவல்துறை வழக்கும் மருத்துவச் சான்றும் இல்லாமல் இந்தப் பணம் கிடைக்காது. பின்னர் வண்டி பிடிபட்டு வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று 163ஆவது பிரிவே சொல்கிறது. இன்றைய குறை பொய் மனுக்கள் குவிவதல்ல. உண்மையான மனுக்களே வராததுதான்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது கோரிக்கைகளை மாநில அரசு ஒரு சுற்றறிக்கை மூலம் உடனே தொடங்கலாம்.