போகித் தீயில் டாமும் ஜெர்ரியும்



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் பரண்கள் காலியாகத் தொடங்கும். கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் போகிக்கென்று ஒரு மூலையில் சேரும். அது பழைய வழக்கம். சில ஆண்டுகளாக அந்தக் குவியலில் வேறொரு பொருளையும் பார்க்கிறேன். கறுப்பு நிறத்தில், நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றுச் சிறிய, தடித்த பிளாஸ்டிக் பெட்டி. ஆம், வீடியோ கேசட்!

சென்ற போகியன்று விடியற்காலையில் ஒரு தெருவைக் கடந்தபோது, குவியலில் பதினைந்து இருபது கேசட்டுகள் கிடந்தன. ஒன்றின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் "டாம் ஜெர்ரி, குழந்தைகளுக்கு" என்று எழுதியிருந்தது. கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மற்றவை எரிந்தன. பிளாஸ்டிக் எரியும் கரும்புகை பனிமூட்டத்தோடு கலந்து தெருவிலேயே தங்கியது. அந்தப் புகையின் தீமையைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. நான் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்தத் தீயில் வேறென்ன போயிற்று என்பதுதான் என் கவலை.

1980களின் பிற்பகுதியில் நான் சிறுவன். என் தந்தை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பொங்கல் விடுமுறைக்கு எங்கள் தெருவே சேர்ந்து ஒரு 'டெக்'கை வாடகைக்கு எடுக்கும். பெரியவர்களுக்கு மூன்று படங்கள். இடையில் எங்களுக்கு ஒரு மணி நேரம் டாம் ஜெர்ரி. சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒருவரின் மாமா கொண்டுவந்த கேசட் அது. அதே ஏழெட்டுப் படங்களை எத்தனை முறை பார்த்தோமோ! அந்த கேசட் பின்னர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கியபோது, நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது பூஞ்சைக் காளான். கடலும் உப்பங்கழியும் அருகிலிருக்கும் எங்கள் ஊரின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு அது மிகவும் பிடித்த விருந்து.

"கொஞ்சம் பூசணம்தானே, துடைத்துவிட்டுப் போடலாம்" என்று தோன்றும். இங்கேதான் பௌதிகம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் பயன்பட்ட வி.எச்.எஸ். முறையில் நாடா வினாடிக்கு 2.34 செ.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. பாட்டு கேசட்டின் வேகத்தில் பாதி! ஆனால் காட்சிக் குறிகளைப் படிக்கும் காந்தத் தலைகள், 62 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையில் பொருத்தப்பட்டு, வினாடிக்கு 25 முறை சுழல்கின்றன. நாடாவுக்கும் தலைக்கும் இடையிலுள்ள வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். குறிகளின் அதிர்வெண் 4.8 மெகா ஹெர்ட்ஸ் வரை போகும். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். நாடாவின் மேல் பதிந்துள்ள அலையின் நீளம் சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

தலைக்கும் நாடாவுக்கும் நடுவே ஓர் அலைநீள அளவு இடைவெளி விழுந்தால், குறியின் வலிமை ஏறத்தாழ 500இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பூஞ்சை வித்து ஒன்றின் பருமன் சில மைக்ரான்கள். ஆகவே ஒற்றை வித்து போதும், ஜெர்ரி மறைந்து திரையில் பனி கொட்டுவதற்கு. பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே டெக்கில் போட்டால் அது தலைகளையும் கெடுக்கும். அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் தொற்றிக்கொள்ளும்.

"சார், இவ்வளவு சிரமம் எதற்கு? டாம் ஜெர்ரி எல்லாம் செல்போனிலேயே வருகிறதே!" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் செல்போனில் வருவது எது?

முதலில் மூலப்படத்தைப் பார்ப்போம். 1940 முதல் 1958 வரை ஹன்னா, பார்பெரா இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 114 டாம் ஜெர்ரி குறும்படங்கள் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 நிமிடம். திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. 7 நிமிடத்துக்கு 10,080 சட்டங்கள். ஒரே சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம் என்றாலும், ஆயிரக்கணக்கான சித்திரங்கள் கையால் வரைந்தவை. வண்ணத்துக்கு அவர்கள் கையாண்ட உபாயம் இன்னும் அழகு. ஒவ்வொரு சித்திரத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே மூன்று முறை கறுப்பு வெள்ளைச் சுருளில் படமெடுத்தார்கள். சாயம் வெளுக்கும், வெள்ளித் துகளால் ஆன கறுப்பு வெள்ளைப் பிம்பம் அப்படி எளிதில் வெளுக்காது. ஆக, வண்ணம் நிலைத்திருக்கும் வழியை, அறிந்தோ அறியாமலோ, அன்றே செய்துவைத்தார்கள்.

ஆனால் சுருளின் அடித்தளம் நைட்ரேட். தீப்பிடித்தால் அணைக்க முடியாத பொருள். 1978இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்துக் கிடங்கில் பற்றிய தீயில் எம்.ஜி.எம். படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. பழைய டாம் ஜெர்ரிச் சுருள்கள் பலவும் அவற்றில் அடங்கும். எஞ்சியவை பிரதிகளும், பிரதிகளின் பிரதிகளும்தான். தூரத்து ஊர்ச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2003 ஜனவரியில் பூனாவில் நம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின.

இப்போது செல்போனுக்கு வருவோம். முதலாவது, வேகம். நமது தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்டது. 24 சட்டப் படத்தை அதில் ஏற்ற எளிய வழி, சற்று வேகமாக ஓட்டிவிடுவது. 420 வினாடிப் படம் 403 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறும்: 440 ஹெர்ட்ஸ் சுரம் 458 ஹெர்ட்ஸ் ஆகும். நம் பாட்டு வாத்தியார் கணக்கில் சொன்னால், கால் கட்டைக்கு மேல், அரைக் கட்டைக்குள். இது டாம் ஜெர்ரிக்குப் பெரிய குறை. ஏனெனில் அந்தப் படங்களில் பேச்சே அரிது, ஸ்காட் பிராட்லியின் இசைதான் பேசுகிறது. என் சொந்த கேசட்டிலும் இதே குறை இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, வடிவம். என் கேசட்டைக் குறுந்தகட்டில் ஏற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த படத்தில் ஜெர்ரி பெருச்சாளி ஆகியிருந்தது! 4க்கு 3 என்ற அளவிலுள்ள படத்தை 16க்கு 9 திரையை நிரப்புவதற்காக இழுத்துவிட்டார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வட்டம் நீள்வட்டம் ஆயிற்று. கடைக்காரரோ, "இப்படித்தான் சார் எல்லாரும் கேட்கிறார்கள், ஓரத்தில் கறுப்பு வந்தால் சண்டைக்கு வருகிறார்கள்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. செவ்வகத்தின் விகிதத்தைச் சொல்லிக்கொடுத்த நாங்கள்தான், திரையில் வட்டத்தைக் கண்டுபிடித்து அளந்து பாருங்கள் என்று சொல்லவில்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்துவது. 'சுத்தம் செய்தல்' என்ற பெயரில் நடப்பது. ஒரு சட்டத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. முந்திய சட்டத்திலும் பிந்திய சட்டத்திலும் அது இல்லை. கணிப்பொறி அதைத் தூசி என்று தீர்மானித்து அழிக்கிறது. சாதாரணப் படத்துக்கு இது பெரும்பாலும் சரி. கையால் வரைந்த படத்தில் டாம் பாய்ந்தோடும்போது அதன் மீசைக்கோடு ஒவ்வொரு சட்டத்திலும் வேறிடத்தில் இருக்கும். கணிப்பொறிக்கு மீசையும் தூசிதான்! 2003 முதல் வெளிவந்த லூனி டூன்ஸ் பொன் தொகுப்புகளில் சில படங்கள் இப்படிக் கோடு தின்னப்பட்டு வந்ததைச் சேகரிப்பாளர்கள் சட்டம் சட்டமாக நிறுத்திக் காட்டினார்கள். அவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பழைய பிரதிகளைப் பரணில் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஒரு பழைய பிரதி இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

வெட்டுவதும் உண்டு. இந்தப் படங்களில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் காட்சிகள் இருக்கின்றன. 2013இல் டாம் ஜெர்ரியின் இரண்டாம் பொன் தொகுப்பில் இரண்டு படங்களை விட்டுவிட முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. தொகுப்பே அப்போது வெளிவராமல் நின்றது. சிறுவர்களுக்கு அக்காட்சிகளை ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டுவது தவறு என்றே நினைக்கிறேன். அதற்காக, நடக்கவே இல்லை என்பது போல் மறைப்பதும் சரியன்று. இது அந்தக் காலத்தின் பிழை என்று சொல்லிக் காட்டலாம். நம் பழைய நகைச்சுவைக் காட்சிகளிலும் நிறத்தையும் உடற்குறையையும் கேலி செய்தவை கொஞ்சமா?

நம் நாட்டுக் கார்ட்டூன்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு 1956 வாக்கில் தோன்றியது. டிஸ்னியில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்தார். 1957இல் 'ஆலமரத்து மான்' என்ற ஜாதகக் கதைப் படம் உருவாயிற்று. அங்கே வேலை கற்ற ராம் மோகன்தான் பிற்பாடு 1989இல் 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்தோடு சித்திர விலங்குகளை ஆடவைத்தார். 1974இல் விஜயா முலே, பீம்சைன் உழைப்பில் வந்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'வைத் தூர்தர்ஷனில் பார்த்து, ஹிந்தி தெரியாமலே அதில் வரும் பாட்டைப் பாடியவன் நான். சென்ற ஆண்டு வகுப்பில் அதைக் காட்டினேன். சிப்காட்டில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளி ஒருவரின் மகள் முதல் வரியிலேயே உடன்பாடத் தொடங்கினாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்றால், "அம்மா பாடுவாங்க சார்" என்றாள்.

உங்கள் பரணிலுள்ள எல்லா கேசட்டும் பொக்கிஷம் என்று சொல்லமாட்டேன். கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டுகளில் பெரும்பாலானவை வேறெங்கோ நல்ல பிரதியாக இருக்கும். ஆனால் உங்கள் தாத்தாவோ அத்தையோ தொலைக்காட்சியிலிருந்து தாமே பதிவு செய்தவை வேறு வகை. கார்ட்டூனுக்கு முன்னும் பின்னும் வரும் தமிழ் அறிவிப்பு, அந்நாளைய சோப்பு விளம்பரம், நடுவே குறுக்கிட்ட மின்வெட்டு இவையெல்லாம் உலகில் வேறெங்கும் இல்லாமல் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கலாம். கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட்டைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

என்ன செய்யலாம்? மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வெளியில் வைத்துத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் டெக்கில் போடவே வேண்டாம். மூடி இறுக்கமான தகர டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் நாடா நெளிந்துவிடும். பொடி உலர்ந்த பிறகு, நாடாவைச் சுற்றியபடியே மெல்லிய உலர்துணியால் துடைக்க வேண்டும். இதற்குப் பெரியவர் ஒருவரின் துணை அவசியம். பிறகு டெக்கிலிருந்து கணிப்பொறிக்கு மாற்றும் சிறு கருவி வழியே, 4க்கு 3 அளவிலேயே, சுத்தம் செய்யும் வசதியை அணைத்துவிட்டுப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட் போல இடம் பிடித்தாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுக்காக மட்டும்; விற்பதற்கல்ல.

இதில் காலம் தாழ்த்த முடியாது. உலகில் கடைசியாக இவ்வகை டெக் செய்துவந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழுது பார்த்த டெக் ஒன்று இருக்கிறது. அதன் தலைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. போகிக் குவியலிலிருந்து எடுத்த அந்த "குழந்தைகளுக்கு" கேசட் இப்போது உலர்கலத்தில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும்.