பண்டிகையும் பந்தமும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் பண்டிகைக் காட்சிகள் வெறும் இனிப்புப் பூச்சு என்பாரும் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' என்னும் அமெரிக்கத் தொடரில், 1980 டிசம்பரில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் பகுதியை நோக்குவோம். பிழைக்க வழியற்ற வீரன் ஒருவனின் உயிரை நள்ளிரவு கடக்கும்வரை நிறுத்திவைக்க மருத்துவர் இருவரும் தலைமைச் செவிலியும் போராடுகின்றனர். அவன் பிள்ளைகளுக்கு அந்நன்னாள் தந்தையை இழந்த நாளாகிவிடலாகாதே! உயிரோ முன்னரே பிரிகிறது. மருத்துவர் கடிகார முள்ளை நகர்த்தி, மறுநாள் தேதியையே பதிவு செய்கிறார். பொய்தான், வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே இடமளித்த பொய். அதே பகுதியில், அநாதை இல்லத்திற்கு மறைவாக வந்த உயர்ரகச் சாக்லெட்டுகளைப் பொறுப்பாளர் விற்று அரிசியும் முட்டைக்கோசும் வாங்கிவிடுகிறார். கொடுத்தவர் சினந்து வருகிறார். பசித்த பிள்ளைக்குத் தின்பண்டம் நீட்டிய தம் பிழையை உணர்ந்து தலைகுனிகிறார்.