எழுதியவன் பெயரைப் போடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு,

நான் திரைக்கதை எழுதிப் பிழைக்கிறவன். சம்பளப் பாக்கி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. பெயரைக் கேட்டு எழுதுகிறேன்.

ஒரு படத்துக்கு ஒன்லைனில் தொடங்கி சீன் ஆர்டர், முழு வசனப் பிரதி வரை எழுதிக் கொடுத்தேன். டிஸ்கஷன் எல்லாம் வடபழனி லாட்ஜ் ஒன்றில் நடந்தது. படம் வந்தபோது 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்ற ஒரே அட்டையில் இயக்குநர் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் நன்றி அட்டையில், படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர்களோடு ஓடி மறைந்தது. கேட்டதற்கு, "அடுத்த படத்துல கண்டிப்பா போட்டுடலாம் சார்" என்றார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சாலிகிராமத்தில் எந்த டீக்கடையில் விசாரித்தாலும் இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கும்.

இது இன்று முளைத்த வழக்கமும் இல்லை. 1947இல் வந்த 'ராஜகுமாரி'க்கு வசனம் எழுதிய இளைஞரின் பெயரை 'உதவி' என்றுதான் போட்டார்கள். அடுத்து 1948இல் வந்த 'அபிமன்யு'வில் அந்தப் பெயரே இல்லை. மனம் வெறுத்து வெளியேறிய அந்த இளைஞர் மு. கருணாநிதி. பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அவர் எழுதிய 'மந்திரிகுமாரி' 1950இல் வந்தது. 1952 தீபாவளிக்கு அவர் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. அதன்பிறகு வசனகர்த்தாவின் பெயருக்காகவே கொட்டகைக்குக் கூட்டம் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு மேடை இருந்தது, அரசியல் இயக்கம் இருந்தது, எழுந்து நின்றார். அப்படி எதுவும் இல்லாதவன் 'அபிமன்யு'வோடு ஊருக்குத் திரும்பியிருப்பான். 'பராசக்தி'யிலேயே இன்னொரு பெயரும் உண்டு. அந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதியவர் பாவலர் பாலசுந்தரம். நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்வார்கள்?

பம்பாயில் திரைக்கதை எழுத்தாளர்கள் சலீம்–ஜாவேத் இருவரும் 1973இல் 'சஞ்சீர்' வெளியானபோது போஸ்டரில் தங்கள் பெயர் இல்லாததைப் பார்த்தார்கள். பெயிண்டரைக் கூலிக்கு அமர்த்தி, நகரத்தில் ஒட்டியிருந்த போஸ்டர்கள் மேல் தங்கள் பெயரை எழுத வைத்தார்கள். அவர்கள் எழுதிய 'தீவார்' நமக்கு 'தீ' ஆனது. 'டான்' 'பில்லா' ஆனது. 'திரிசூல்' 'மிஸ்டர் பாரத்' ஆனது. ரஜினிகாந்தின் அந்தப் படங்களுக்கு விசிலடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அவற்றின் எலும்புக்கூட்டைச் செய்தவர்கள் யார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கேரளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயரின் திரைக்கதைகள் புத்தகமாக வந்தன. நாவலைப் போல வாங்கிப் படித்தார்கள். சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதை அவர் நான்கு முறை வாங்கினார். லோகிததாஸ் எழுதிய படம் என்று சொல்லிக்கொண்டு அங்கே தியேட்டருக்குப் போனார்கள். பாலக்காட்டைத் தாண்டினால் கிடைக்கும் மரியாதை கோயம்புத்தூரில் ஏன் கிடைப்பதில்லை?

தானே எழுதி இயக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாலசந்தர், மகேந்திரன் எல்லாம் முதலில் எழுத்தாளர்கள். 'தங்கப்பதக்கம்' எழுதிய பிறகுதான் மகேந்திரன் 'முள்ளும் மலரும்' இயக்கினார். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்ற அந்த அட்டையை அவர்கள் உழைத்துச் சம்பாதித்தார்கள். பிறகு வந்த பலருக்கு அது கௌரவச் சின்னமாகிவிட்டது. எழுத்துக்குத் தனி ஆள் இருந்தால் இயக்குநரின் மார்க்கெட் குறைந்துவிடும் என்று நீங்களும் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையால் நஷ்டப்படுவதும் நீங்கள்தான். இரண்டாம் பாதி சரியில்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரசிகர்கள் சொல்கிறார்கள். அந்த இரண்டாம் பாதியைப் பேப்பரிலேயே சரிசெய்யத் தெரிந்தவனுக்கு டிபனும் பேட்டாவும் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையை விற்ற பிறகும், தான்தான் எழுதினேன் என்று சொல்லும் உரிமை எழுதியவனிடமே இருக்கிறது. 2012 திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: திரையரங்கத்துக்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளனுக்குச் சேரவேண்டிய ராயல்டியை, அவனே விரும்பினாலும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் 'சகல உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. வீட்டு வாடகை பாக்கி வைத்திருப்பவன் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: டைட்டிலில் எந்த இடத்தில், என்ன பொறுப்பில், யார் பெயர் வரும் என்று. டிஸ்கஷனில் உட்கார்ந்தவருக்கும் எழுதியவருக்கும் வேறுபாடு வையுங்கள். இரண்டு பேர் எழுதினால் இரண்டு பேரையும் போடுங்கள். முதல் போஸ்டரிலும் டிரெய்லரிலும் ஓடிடி பக்கத்திலும் அந்தப் பெயர் இருக்கட்டும். உங்களுக்கு இதில் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. அடுத்த படத்திலிருந்து வேண்டாம். இப்போது எடிட்டிங்கில் இருக்கும் படத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு திரைக்கதை எழுத்தாளன்,
சென்னை