உறைந்தது காற்றாலை மட்டுமா?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் மின்சாரமின்றி இருண்டதற்குக் காற்றாலைகள் உறைந்ததே காரணம் என்று அடித்துப் பேசுகிறார்கள். உறைந்தன, யார் மறுத்தார்கள்? எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் கூடத்தான் உறைந்தன. திடீரென நின்றுபோன மின் அலகுகளில் பாதிக்கு மேல் எரிவாயுவில் ஓடுபவை என்றது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை. இதில் ஒரு கூத்து வேறு: மின்வெட்டு என்ற பெயரில் எரிவாயுவை அனுப்பும் நிலையங்களுக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள், எரிவாயு வராமல் மின்நிலையங்கள் மேலும் படுத்தன.

எதிர்பாராத குளிராம்! 2011 பிப்ரவரியிலேயே இதே கதிதான். கருவிகளைக் குளிருக்குத் தயார்செய்யுங்கள் என்று அப்போதே அறிக்கை வந்தது; கட்டாயமில்லை என்பதால் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்திய அரசின் பிடி வேண்டாமென்று தனித்து நின்றது டெக்சாஸின் மின்கட்டமைப்பு. அக்கம்பக்கத்தில் போதிய மின்சாரம் வாங்கவும் வழியில்லை. அதே மாநிலத்தில், அந்தக் கட்டமைப்பில் சேராத எல் பாசோ நகரம் 2011இல் பட்டுத் திருந்தியிருந்தது. பெரிய சேதமின்றித் தப்பியது.

இறந்தவர்கள் மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர். பெரும்பாலோர் குளிரில் விறைத்து. அந்த நாட்களில் ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தின் மொத்தவிலை 9,000 டாலர். அந்த விலையை வைத்தது காற்றாலையா?