“கவுந்தா என்னய்யா செய்வே?”

அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருக்கிற நேரம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன், கைப்பேசியை அப்பத்தாவிடம் நீட்டுகிறான். நுரை பொங்கும் ஆறு. பாறைகளுக்கு நடுவே வாழைப்பூ மடல் மாதிரி ஒரு சின்னப் படகு. அதற்குள் ஒருவன். சரேலென்று ஒரு பள்ளத்தில் விழுந்து காணாமல் போகிறான். மறுகணம் மேலே வந்து சிரிக்கிறான்.

“இதுக்குப் பேரு கயாக், அப்பத்தா. புது மாடல் வந்திருக்கு. ஒண்ணு வாங்கப் போறேன்.”

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சொல்கிறார்: “கம்மாயில கால் நனைக்கத் தண்ணி இல்ல. இதுல படகு ஒண்ணுதான் கொறச்சல்!”

அப்பத்தா மட்டும் படத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி: “கவுந்தா என்னய்யா செய்வே?”

கயாக் வாங்க ஆசைப்படும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விளம்பரங்கள் படகிலிருந்து ஆரம்பிக்கும். அனுபவசாலிகள் கவிழ்வதிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்பத்தாவின் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

நுரை பொங்கும் ஆறு எங்கே?

அப்பா சொன்னதிலும் நியாயம் உண்டு. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு எல்லாம் மழைக்காலத்து ஆறுகள். ஓடுகிற நாளிலும் சமதரையில்தான் ஓடும். தண்ணீர் நுரைத்துப் பாய வேண்டுமானால் சரிவும் பாறையும் வேண்டும்.

அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆறுகள் பாறைகளில் மோதிப் பாய்கின்றன. 2013-ல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்கு வெளிநாட்டுத் துடுப்பு வீரர்களும் வருகிறார்கள். புதுக்கோட்டையில் கண்மாய் வற்றி, ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஊரே மீன்பிடித் திருவிழாவில் இறங்கி முடித்த பிறகு, அங்கே ஆறு நிறைகிறது. ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்விடலாம்.

இந்த ஆறுகளை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு. 3 என்றால் பயிற்சி பெற்றவருக்கே கவனம் தேவை. 6 என்றால் உயிரைப் பணயம் வைக்கிற வேலை. மழையைப் பொறுத்து ஒரே ஆறு காலையில் ஒரு தரத்திலும் மாலையில் வேறு தரத்திலும் இருக்கலாம். ஆகவே, எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் ஆற்றைத் தெரிந்த பயிற்சியாளர் இல்லாமல் இறங்கக் கூடாது.

முதலில் வாங்க வேண்டியது

“கவுந்தா?” என்ற கேள்விக்கு முதல் பதில், லைஃப் ஜாக்கெட். படகு வாங்காவிட்டாலும் பரவாயில்லை, இது வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல; உள்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டை. அதில் ஐ.எஸ்.ஓ. 12402 என்ற தர எண்ணும், 50, 100, 150 என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாவது எண், தண்ணீரில் ஆளை மேலே தூக்கும் விசையின் அளவு. 50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. கைகளைத் தாராளமாக வீசித் துடுப்புப் போட முடியும் என்பதால் கயாக் ஓட்டுபவர்கள் இந்த வகையைத்தான் விரும்புகிறார்கள். ஆனால், மயங்கிப்போனவரின் முகத்தை அது மேல்பக்கமாகத் திருப்பிவிடாது. நீந்தத் தெரியாதவருக்கும் குழந்தைகளுக்கும் 100-க்குக் குறையாமல் வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. போட்டு, எல்லா வாரையும் இறுக்கியபின், இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ். குழந்தைகளுடையதில் கால்களுக்கு நடுவே போகும் வார் கட்டாயம் இருக்க வேண்டும். ‘வளர்ற புள்ள’ என்று ஒரு சைஸ் கூட வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது.

காற்று நிரம்பி உப்பும் புது வகை ஜாக்கெட்டுகள் மெலிதாக, அழகாக இருக்கின்றன. படகுத் தளத்தில் நிற்பவர்களுக்கு அவை சௌகரியம். பாறை நிறைந்த ஆற்றுக்குச் சரிப்படாது, கிழிந்தால் முடிந்தது. அங்கே நுரைப்பஞ்சு ஜாக்கெட்டுதான் நல்லது. நீச்சல் குளத்தில் குழந்தைகள் போட்டுக்கொள்ளும் காற்று வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள். உயிர் காப்பவை அல்ல.

தலை பாறையில் மோதினால்?

இது அப்பத்தாவின் இரண்டாவது கேள்வியாக இருக்கும். கயாக் கவிழ்ந்தால் தலை கீழே போகிறது. கீழே பாறை இருக்கிறது. அதனால்தான் ஹெல்மெட்.

வீட்டில் இருக்கிற பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. அது தண்ணீரை உள்ளே தேக்கிக்கொண்டு கழுத்தை இழுக்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் உதவாது. அது ஒரு பலமான அடிக்கு நொறுங்கி ஆளைக் காப்பாற்றும்படி செய்யப்பட்டது. ஆற்றில் அடுத்தடுத்து அடி விழும். துடுப்புக்காரர்களுக்கான ஹெல்மெட்டில் தண்ணீர் வடிய வழி இருக்கும்; நெற்றியும் பின்மண்டையும் மூடியிருக்கும். இ.என். 1385 என்ற தர எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

சேலையும் கயிற்றுப் பையும்

மூன்றாவது சாமான், கரையில் இருப்பவருக்கானது. ஒரு சின்னப் பை. அதற்குள் 15 முதல் 20 மீட்டர் வரை மிதக்கும் கயிறு. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையை வீசினால், அது பறக்கும்போதே கயிறு அவிழ்ந்துகொண்டே போகும்.

இதன் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் தண்ணீரில் மூழ்கினார்கள். அங்கே இருந்த செந்தமிழ்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவள்ளி என்ற மூன்று பெண்கள், உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இழுத்தார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருதை மூவருக்கும் தமிழ்நாடு அரசு வழங்கியது.

அந்தப் பெண்கள் கையில் அன்று ஒரு கயிற்றுப் பை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியாது. கண்மாயும் ஊருணியும் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், கயாக்கைத் தொட்டே பார்க்காத வீட்டுக்கும் உதவக்கூடிய சாமான் இது.

வீசுவதிலும் முறை இருக்கிறது. முதலில் கூப்பிட்டு, ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். கயிறு அவர் மேலேயே, கைக்கு எட்டும்படி விழ வேண்டும். பிடித்தவர் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டால் முகத்தில் தண்ணீர் அடிக்காது. இழுப்பவர் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. இழுப்பு பலமானால் அவரும் உள்ளே போய்விடுவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகள் எத்தனை! குதிப்பதற்கு முன்னால் வீசலாம். அதற்குத்தான் இந்தப் பை.

பாவாடையும் துடுப்பும்

வீடியோவில் கயாக்காரன் இடுப்பிலிருந்து படகின் வாய்வரை ஒரு ரப்பர் துணி மூடியிருப்பதைப் பார்க்கலாம். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்பார்கள். தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் பாவாடை. ஆர்க்டிக் கடலில் சீல் தோல் போர்த்திய கயாக்கில் வேட்டைக்குப் போன இனுயிட் மக்களிடமிருந்து வந்த யோசனை. கவிழ்ந்தாலும் படகை விட்டு இறங்காமல், இடுப்பை வெட்டித் திருப்பி நிமிர்ந்துவிடும் வித்தையும் அவர்களுடையதே.

பாவாடையின் முன்னால் ஒரு வளையம் இருக்கும். நிமிர முடியாவிட்டால் அதை இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். மாட்டும்போது அந்த வளையம் உள்ளே மடங்கிவிட்டால் ஆபத்து. இழுத்து வெளியே வரும் பழக்கம், ஆழமில்லாத தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்க, பல தடவை செய்து கைவந்த பிறகே ஆறு.

துடுப்பில் அவசரம் வேண்டாம். இரண்டு பக்கமும் அலகு இருந்தால் கயாக் துடுப்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கனூ துடுப்பு. நுரை ஆற்றுக்கு 190 முதல் 200 சென்டிமீட்டர் நீளம் போதும். அமைதியான தண்ணீருக்கு 210-க்கு மேல். அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் அலகும் கொண்டது கற்றுக்கொள்பவருக்குத் தாராளம். கார்பன் துடுப்பு இறகு மாதிரி இருக்கும். விலை அப்படி இருக்காது.

மொட்டைமாடித் தொட்டிக்குத் தம்பி

இப்போதுதான் படகு. நுரை ஆற்றுக் கயாக், மொட்டைமாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்கு ஒருவகையில் தம்பி. பாலித்தீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிச் சுழற்றி வார்க்கும் அதே முறையில்தான் இதுவும் தயாராகிறது. அதனால்தான் பாறையில் உரசினாலும் உடைவதில்லை. சுமார் இரண்டரை மீட்டர் நீளம், 20 கிலோ எடை.

புது மாடல்களில் மூக்கு நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் நுரைக்குள் புதையாமல் சட்டென்று மேலே வருவதற்காக. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கயாக் கிராஸ் என்ற போட்டி முதன்முறையாக நடந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து படகோடு தண்ணீரில் விழுந்து, முட்டி மோதிப் போவார்கள். நடுவில் ஒரு தடவை கவிழ்ந்து நிமிர்வது கட்டாயம். அப்பத்தாவின் கேள்வியையே அங்கே போட்டி விதியாக்கிவிட்டார்கள்.

ஆனால், அறந்தாங்கியில் வைத்துக்கொள்ள இந்தப் படகு ஏற்றதா? வருஷத்தில் சில நாள் ஆற்றுக்குப் போவதற்கு, பயிற்சி மையத்திலேயே படகை வாங்கி ஓட்டிக்கொள்ளலாம். ஊரில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் இருக்கிறது. அதில் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. அலை ஏறினால் துளை வழியே தண்ணீர் வடிந்துவிடும். விழுந்தால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் இது நம் கட்டுமரத்தின் குணம். கேட்டமரான் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்த கரைக்கு, இந்தப் புது மாடல் பழைய சொந்தம்தான்.

கச்சான் காற்று கவனம்

ஓட்டிப் பார்க்க இடமும் தூரமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல் தாண்டித் தெற்கே போனால், தொண்டிக்கு அப்பால் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு. அங்கே அலையாத்திக் காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் கயாக்கும் உண்டு. வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே துடுப்புப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதை நம்பி ஏமாறக் கூடாது. கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும் கச்சான் காற்றுக்கு இந்த லேசான படகு ஒரு சருகு. அன்றைய காற்றைப் பற்றிக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எல்லைக் கடல் என்பதால் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸாரிடம் சொல்லிவிட்டே இறங்க வேண்டும். அவர்களுடைய உதவி எண் 1093. கடலோரக் காவல் படைக்கு 1554.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்தச் சாதுப் பிராணி, கடற்புல் மேய்ந்து, மூச்சுவிட மேலே வரும். துடுப்புப் படகில் அதைக் காயப்படுத்தும் இயந்திர விசிறி இல்லை. என்றாலும் தள்ளி நிற்பதே மரியாதை.

அந்த வீட்டுக் கூடத்தில் சாயங்காலக் காபி வந்துவிட்டது. பேரன் காகிதத்தில் பட்டியலை மாற்றி எழுதியிருக்கிறான். ஜாக்கெட், ஹெல்மெட், கயிற்றுப் பை இந்த வருஷம். காரங்காட்டில் ஒரு நாள், ஆடியில் கோடஞ்சேரியில் பயிற்சி. துடுப்பு அப்புறம். படகு அடுத்த வருஷம், அதுவும் ஆசை மிச்சமிருந்தால்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “பரவாயில்லையே” என்கிறார்.

அப்பத்தா மட்டும் ஒரு திருத்தம் சொல்கிறார்.

“கயித்துப் பை ரெண்டா வாங்குய்யா. ஒண்ணு கம்மாய்க்கரை டீக்கடையில தொங்கட்டும்.”