கை இருந்தால்தானே கைத்தொழில்!



போன செமஸ்டர் லீவில் பக்கத்து வீட்டு அக்காவின் மிக்சியைக் கழற்றினேன். மோட்டாரை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஸ்க்ரூவை அழுத்தித் திருப்பினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது. நான்கு தையல், ஒரு டி.டி. ஊசி. மூன்று வாரம் ஃபைல் பிடிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா, காய்த்துப்போன தன் கையையும் கட்டுப் போட்ட என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கைய நம்பித்தானடா இருக்கோம்" என்றார். தையலைவிட அதுதான் வலித்தது.

ஒர்க்‌ஷாப்பில் வைஸில் பிடிக்காமல் இரும்பைத் தொட மாட்டோம். டிரில்லிங் மெஷினில் கையுறை போட்டால், சுழலும் பிட் துணியோடு விரலையும் சுருட்டிவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறோம். வீட்டில் மட்டும் "ரெண்டு நிமிஷ வேலைதானே!" பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும் 4 இஞ்ச் கிரைண்டரில், இடைஞ்சல் என்று கார்டைக் கழற்றுகிறோம். இது கெட்டிக்காரத்தனமா?

ரிப்பேரை விடச் சொல்லவில்லை. கழற்றிப் பார்க்காதவன் டெக்னீஷியன் ஆக முடியாது. ஆனால் வீட்டில் வைஸ் வாங்க நம்மில் எத்தனை பேருக்கு வசதி? சனிக்கிழமை மதியம் மட்டும் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிடும்படி நம் மாணவர் பேரவை கேட்கட்டும். மிக்சியோ ஃபேனோ, அங்கே கொண்டுவந்து பார்ப்போம்.

ஸ்க்ரூ போனால் கடையில் கிடைக்கும். விரல்?