அவையஞ்சாமையும் அஞ்சலும்

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவர்க்கு யான் முதலிற் கற்பிப்பது திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரம். வினாவை முழுதுங் கேள். தெரிந்ததைச் சுருங்கச் சொல். தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொள். இவையே என் பாடம்.

ஹாலிஎலையை அடுத்த தோட்டமொன்றின் மாணவி, ஆசிரியப் பணிக்கென ஒரு திங்கள் இவ்வாறு பயின்றாள். அழைப்புக் கடிதமோ தோட்டக் காரியாலயத்திற் கிடந்து, குறித்த நாள் கழிந்து மூன்றாம் நாளே அவள் லயத்தை அடைந்தது. அவையையே காணாதவளுக்கு அவையஞ்சாமை எதற்கு?

1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. எஞ்சி நின்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. ஆயினும் லயங்கள் பலவற்றுக்குத் தோட்டத்தின் பெயரன்றித் தனி முகவரி இன்றுமில்லை. குடியுரிமை பெற்றவனுக்குக் கதவிலக்கம் இல்லையெனின், அரசு அவனை எவ்வாறு அழைக்கும்?

மாணவரின் முயற்சி போதாதென்று கடிதல் எளிது. வீட்டுக்கு வீடு இலக்கமும், வாயிலுக்கே வரும் தபாற்காரரும் வேண்டுமென்று கேட்பதே நம் கடன். அதுகாறும், ஆசிரிய நண்பர்களே, நம் பாடத்தில் ஒன்றைக் கூட்டுவோம்: நாள்தோறும் காரியாலயத்துக்குச் சென்று, "எனக்குக் கடிதம் உண்டா?" என்று நிமிர்ந்து நின்று கேட்டல். தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் அவை அதுவே.